வாத்தியார் காய்ச்சிய பேல் ஏல்

1

என் கணவர் பீர் காய்ச்சுகிறார். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்து ஆசிரியருக்கு எழுத வேண்டாம். எங்கள் கிராமத்து மதுவிலக்குக் கமிட்டியின் முதல் செயலாளர், கள்ளுப்பானையைக் கண்டால் கைத்தடியால் உடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார் என்று ஆவூர்ப் பக்கமெல்லாம் பெயரெடுத்த அந்தோணிசாமி வாத்தியார், இங்கே இங்கிலாந்தில் கென்ட் பகுதியில், கிறிஸ்துமஸுக்கு நான் கறி வேக வைக்கும் அண்டாவில் பீர் காய்ச்சுகிறார்.

நான் நர்ஸ் வேலைக்கு இந்த நாட்டுக்கு வந்தேன். அவர் எனக்குக் கணவராக வந்தார். இங்கே கல்லூரியில் பாடம் நடத்துகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சைக் கிளப்பியவர் யார் என்று எனக்குத் தெரியும். உண்மையில் என் கணவர் காகித ஆலையில் கட்டுகளை லாரியில் ஏற்றுகிறார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவருக்குத்தான் வெட்கம்.

வீட்டில் பீர் காய்ச்ச வேண்டுமானால் இந்த நாட்டில் முன்பெல்லாம் லைசென்ஸ் வாங்க வேண்டும். அது இனித் தேவையில்லை என்று சர்க்கார் சொன்னதும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு புளித்த வாடை கிளம்பியது. பக்கத்து வீட்டு ஹாரிஸ் ஹாப்ஸ் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு துணிப்பை நிறைய ஹாப்ஸ் பூவைக் கொடுத்து என் வீட்டில் சனியைக் குடியேற்றினார்.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. கம்பத்தைச் சுற்றிக்கொண்டு கூரைக்கு மேலேயும் போகும். பச்சை இதழ்களை அடுக்கி மூடிய மொட்டு மாதிரி, கட்டைவிரல் அளவு இருக்கும். காய்ந்தால் வைக்கோலும் துளசியும் கலந்த வாசனை. வாயில் வைத்தால் வேப்பம்பூ தோற்றுவிடும். முளைகட்டிய பார்லியில் எடுத்த பாகு மருந்துக்கடையில் டப்பாவில் கிடைக்கிறது. பிள்ளைகளுக்குச் சத்துக்குக் கொடுப்பது. அந்தப் பாகைத் தண்ணீரில் கரைத்து, கசப்புக்கு ஒரு பிடி பூவைப் போட்டுக் கொதிக்க விடுகிறார். இறக்கும்போது வாசனைக்கு இன்னொரு பிடி. ஆறிய பிறகு ரொட்டிக்கடை ஈஸ்ட். வாரக்கணக்கில் அது ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நுரைத்துக்கொண்டு கிடக்கிறது. கடைசியில் மேலும் ஒரு பிடி பூவை ஆஸ்பத்திரிக் காஸ் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிடுகிறார். காயத்துக்குக் கட்ட நான் வீட்டில் வைத்திருந்த துணி அது.

இதற்குப் பெயர் பேல் ஏல். வெளிறிய நிறத்தில், பூவின் கசப்பும் மணமும் தூக்கலாக இருக்கிற பீர். வேறு வேறு வகை ஹாப்ஸைக் கலந்தும் காய்ச்சுவார்களாம். என் கணவர் சம்மதிக்க மாட்டார். கோல்டிங்ஸ் என்ற ஒரே வகைதான்.

“ஒரே ஜாதிப் பூவாத்தான் இருக்கணும் புஷ்பம். கலந்தா கொணம் கெட்டுப்போகும்,” என்றார்.

ஆயிரக்கணக்கான மைல் கடல் தாண்டி வந்து, பீரில் கூட ஜாதி கலக்கக் கூடாது என்று நிற்கிற மனிதரை நான் என்ன செய்ய? இந்த வகை பீர் ஒரு காலத்தில் இந்தியாவுக்கென்றே கப்பலில் போனதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தேசபக்தி வரும். குடித்தது வெள்ளைக்காரப் பட்டாளம் என்பதை மட்டும் விட்டுவிடுவார்.

2

லூர்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் படிப்புக்கு வந்த பெண். முதல் நாள் வார்டில் பெயரைப் பார்த்துவிட்டு, தமிழில் எந்த ஊர் என்று கேட்டேன்.

“மீமிசல்க்கா,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மடித்துக்கொண்டிருந்த போர்வையைப் பார்த்தபடியே, “பொறந்தது ஒங்க வீட்டுக்காரரு ஊருதான். சூசை மக நான்,” என்றாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சூசையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பனை ஏறிப் பிழைத்தவர். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் மரத்தில் இருந்து இறங்குவது பதநீர். அதற்குச் சர்க்கார் அனுமதி உண்டு. தடவாவிட்டால் அது தானே புளித்துக் கள்ளாகும்; அதற்கு ஜெயில். புதுக்கோட்டைச் சமஸ்தானம் மதராஸோடு சேர்ந்த கையோடு எங்களுக்கு மதுவிலக்கும் வந்து, கமிட்டியும் வந்தது. சூசை பதநீர் லைசென்ஸை வைத்துக்கொண்டு சில பானைகளைச் சுண்ணாம்பு இல்லாமல் கட்டியிருந்தார். கமிட்டி அவரை மரத்தின் மேல் இருக்கும்போதே மடக்கியது. ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது மரங்கள் வேறு ஆளிடம் இருந்தன. குடும்பத்தோடு மீமிசலுக்குப் போய் படகில் இருந்து மீன்கூடை இறக்கும் வேலையில் சேர்ந்தார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் கமிட்டியின் ஆண்டு விழா என்று ஒன்று நடக்கிறது. அதில் சூசை பிடிபட்ட கதையை யாராவது சொல்லியாக வேண்டும். அவர் ஜெயிலுக்கு ஒரு தடவைதான் போனார். மேடைக்கு வருஷம் தவறாமல் ஏற்றப்படுகிறார். என் கல்யாண விருந்தில் கூட மாப்பிள்ளையின் பெருமை என்று எனக்கு இந்தக் கதையைத்தான் சொன்னார்கள்.

லூர்துவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சாப்பாட்டுக்கு அழைத்தேன். அவள் யார் மகள் என்று என் கணவரிடம் சொல்லவில்லை. தெரியும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ஊருக்குப் போவதாக இருந்தது. விஷயம் தெரிந்த கமிட்டித் தலைவர், ஆண்டு விழாவை நாங்கள் வரும் நாளுக்குத் தள்ளிவைத்து, என் கணவரைச் சிறப்புப் பேச்சாளராகப் போட்டுவிட்டார். மதுவின் தீமை பற்றிய பேச்சை இவர் வாரக்கணக்காக அண்டாவைக் கிளறிக்கொண்டே மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். நான் மிகைப்படுத்தவில்லை.

லூர்து வந்ததும் ஒரு கிளாஸில் பேல் ஏலை ஊற்றி அவள் முன் வைத்தார்.

“வேண்டாம் சார்,” என்றாள்.

“கள்ளு மாதிரி நெனச்சுக்காதம்மா. கள்ளு தானாப் புளிக்கிறது. இது விஞ்ஞானம். சுத்தமான பாத்திரம், சரியான சூடு, ஒரே ஜாதிப் பூ.”

எங்கள் மகள் ரீட்டா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரீட்டாவுக்குத் தமிழ் புரியும். பேசினால் அடுத்தவர் செருப்பைப் போட்டு நடப்பவள் மாதிரி தடுமாறுவாள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல் என்பதால் நீ, நீங்கள் என்ற பேதமும் அவளுக்குப் பிடிபடவில்லை.

“அக்கா, நீ மட்டன் சாப்டுவியா?” என்று கேட்டாள்.

“‘நீங்க’ன்னு சொல்லு,” என்று அதட்டினார் தகப்பனார். “பெரியவங்கள மரியாதையாப் பேசப் பழகு.” அதே மூச்சில் லூர்துவின் பக்கம் திரும்பினார். “எங்க ஊருல சூசைன்னு ஒரு பய இருந்தாம்மா. பனையில இருந்து கள்ளு எறக்கி விப்பான்.”

“சோறு ஆறிப்போகுது, சாப்பிடுங்க,” என்றேன். இந்தக் கதை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் நிறுத்தவில்லை. கமிட்டி மரத்தைச் சுற்றி நின்றது, சூசை பயந்துபோய் மட்டைக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது, வெயில் ஏற ஏற ஊரே கூடிச் சிரித்தது, பொண்டாட்டி காலில் விழுந்தது என்று வரிசையாகச் சொன்னார். மேடையில் கைதட்டுக்காக ஒரு கணம் நிறுத்தும் இடத்தில் இங்கேயும் நிறுத்தினார்.

“ஏறுனது சூசை. எறங்குனது கைதி.”

ரீட்டா மட்டும் சிரித்தாள். அவளுக்கு அதில் என்ன புரிந்ததோ.

லூர்து கையைத் தட்டில் இருந்து எடுத்தாள். “அது எங்க அப்பா சார். அன்னைக்கு மரத்தடியில நானும் நின்னேன். நீங்கதான் என்னைய அங்கிட்டுப் போகச் சொன்னீங்க.”

நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அப்போது கிடைத்தது. கிடைத்தபோது எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு கிளாஸைப் பார்த்தார்.

“அப்பா சௌக்கியமா?” என்றார் கடைசியில்.

“இருக்காரு சார். நான் கோவமாச் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்க ஊர்க் கூட்டத்துல பேசப்போறதா வீட்டுல இருந்து கடுதாசி வந்துச்சு. அங்க அப்பா பேரச் சொல்லாதீங்க. தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்குறாங்க. யாரு வந்தாலும், ‘மேடையில சொல்லுவாங்களே, அந்தச் சூசையா’ன்னு கேட்டுட்டுப் போயிடுறாங்க. ரெண்டு எடம் தட்டிப்போச்சு.”

“அது கமிட்டியோட சரித்திரம்மா. என் ஒருத்தன் கையில...” என்று இழுத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். “சரி. பேரச் சொல்ல மாட்டேன்,” என்றார்.

லூர்து தலையாட்டிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். அவள் போன பிறகு, தொடாமல் விட்ட அந்தக் கிளாஸை அவரே எடுத்துக் குடித்தார். வீணாகக் கூடாதாம்.

3

கப்பலில் பம்பாய் வந்து இறங்கினோம். சுங்க அதிகாரி என் பெட்டிகளைத் தொடக்கூட இல்லை. இவருடைய பெட்டியில், மடித்த வேட்டிகளுக்கு நடுவே, ஒரு பை நிறைய காய்ந்த ஹாப்ஸ் இருந்தது. எதற்கு என்று என்னிடம் அவர் சொன்னதில்லை. பழைய சகாக்களிடம் காட்டிப் பெருமையடிக்கவும் முடியாது, காட்டாமல் இருக்கவும் முடியாது. அதனால் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அதிகாரி முகர்ந்து பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். அவர் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார். கஞ்சா என்று அவர்களுக்குள் முடிவாகிவிட்டது போலத் தெரிந்தது. என் கணவர் வியர்த்துப்போய், இது தூக்கம் வருவதற்குத் தலையணையில் அடைக்கிற பூ என்றார். அதில் பொய் இல்லை, இங்கிலாந்தில் அப்படியும் செய்கிறார்கள். தலையணை எங்கே என்று அதிகாரி கேட்டார்.

வெகுநேரம் வெயிலில் நிற்க வைத்த பிறகு பூவைப் பறிமுதல் செய்துகொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். ஹாப்ஸ் என்று இவர் சொன்னது ரசீது எழுதிய குமாஸ்தாவுக்கு ஹோப்ஸ் என்று கேட்டிருக்கிறது. ‘உலர்ந்த நம்பிக்கை, ஒரு பை’ என்று பொருள்படும்படி அரசாங்க முத்திரையோடு எழுதியிருந்தது. ரயிலில் திருச்சி வரும்வரை அவர் அந்தப் பூவுக்காகத் துக்கம் காத்தார். நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தேன்.

4

ஆண்டு விழா பள்ளிக்கூட மைதானத்தில். பந்தல், ஒலிபெருக்கி, முன்வரிசையில் தரையில் பள்ளிப் பிள்ளைகள், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் நாங்கள். தலைவர் கழுத்தில் மாலையோடு நடுவில் இருந்தார். உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சீட்டு வைத்துப் பிராந்தி பெர்மிட் வாங்கியிருப்பவர் அவர். மதுவிலக்கைப் பற்றி அவரைப் போல உருக்கமாகப் பேச எங்கள் வட்டாரத்தில் ஆள் இல்லை.

என் கணவர் நன்றாகவே பேசினார். மது குடும்பத்தை அழிக்கும், கல்லீரலை அழிக்கும், நாட்டை அழிக்கும். மேல்நாட்டில் குடியால் சீரழிந்த குடும்பங்களைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார். நான் எங்கள் தெருவில் வீடு வீடாக நினைத்துப் பார்த்தேன். சீரழிந்தது எந்த வீடு என்று பிடிபடவில்லை.

பேச்சு முடியும் தறுவாயில் தலைவர் பக்கவாட்டில் சாய்ந்து, ஒலிபெருக்கியில் கேட்கும்படியாகவே, “வாத்தியாரே, பழைய கதயச் சொல்லலியே,” என்றார்.

என் கணவர் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கூட்டம் நிமிர்ந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது.

“ஒருவன் இருந்தான்,” என்று ஆரம்பித்தார். “பெயர் வேண்டாம்.”

முன்வரிசைப் பிள்ளைகள் ஒரே குரலில், “சூசை,” என்று கத்தினார்கள். சூசை ஊரை விட்டுப் போனபோது பிறந்தேயிராத பிள்ளைகள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. என் கணவரும் புன்னகை செய்தார். தான் பெயரைச் சொல்லவில்லை அல்லவா. வாக்கைக் காப்பாற்றிய நிம்மதியோடு மரம், வெயில், காலில் விழுந்த மனைவி என்று ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டு போனார்.

ரீட்டா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, லூர்து அக்கா சொல்ல வேண்டாம்னு சொன்னாங்களே.”

கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்து நின்றேன். எங்கள் ஊர் மேடைக்கு முன்னால் ஒரு பெண் எழுந்து நின்றால், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று நினைத்து வழிவிடுவார்கள். வழிவிட்டார்கள். நான் போகவில்லை.

“ஒண்ணு விட்டுப்போச்சுங்க,” என்றேன். “இவரு அங்க வீட்டுல பீரு காச்சுறாரு. எங்க வீட்டு அலமாரி நெறைய பாட்டிலுதான். நல்லாவும் இருக்கு. அங்க அது குத்தம் கெடையாது, யாரும் வந்து புடிக்கிறதில்ல. ஆனா மரத்துல ஏறுனவரு செஞ்சதுக்கும் இவரு செய்றதுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க இருந்தாச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.”

பெண்கள் பக்கத்தில் இருந்து யாரோ ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது ஆண்கள் பக்கம் தாவி, பிள்ளைகளிடம் போய், பந்தலே குலுங்கியது. “தங்கச்சி வெளாட்டாச் சொல்லுது,” என்று தலைவர் மணியைத் தட்டிக்கொண்டே இருந்தார். என் கணவர் சர்பத் தம்ளரைப் பிடித்தபடி நின்றார். மறுக்கவில்லை. மறுத்தால் ரீட்டா எழுந்து நிற்பாள் என்று அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் தலைவர் வீடு தேடி வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, “ஒரு பாட்டிலு கூடவா கொண்டாரல?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் கணவர் என்னிடம் பேசவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு, “நல்லாருக்குன்னு சொன்னியே. எப்பக் குடிச்ச?” என்றார்.

“கிளாஸக் கழுவுறப்ப நாக்குல வச்சுப் பாத்தேன்.”

அவர் முகத்தில் ஒரு கணம் வந்து போனது சந்தோஷம்தான். இப்படிப்பட்ட மனிதரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

5

அடுத்த இரண்டு நாள் அவர் வெளியே தலைகாட்டவில்லை. டீக்கடையில் அவருக்கு ‘பீரு வாத்தியாரு’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. பிள்ளைகள் வீட்டு வாசலைக் கடக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு ஓடினார்கள். தலைவலி என்று சொல்லிக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தார். எனக்குப் பரிதாபம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சூசை வந்தார். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே போய்விட்டவர் என்பதால் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. தலை முழுக்க நரைத்து, மீன்கூடை சுமந்து ஒரு தோள் இறங்கிப்போன மனிதர். ஓலைப்பெட்டி ஒன்றைத் துணியால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். புதுக்கோட்டையில் பஸ் மாறி வந்திருக்கிறார்.

“மகளுக்குக் கொஞ்சம் கருவாடு தாயி. கப்பல்ல விடுவாங்களா?”

“விடுவாங்க அண்ணே. நான் கொண்டுபோய்க் குடுக்குறேன். உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. குரல் கேட்டு என் கணவர் உள்ளறை வாசல்வரை வந்துவிட்டார். வந்தவர் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

“கும்பிடுறேன் சார்,” என்றார் சூசை.

“வாங்க,” என்றார் என் கணவர்.

சூசை ஓலைப்பெட்டியை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “கூட்டத்துல நடந்தத பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க. நீங்க ரெண்டு நாளா வெளிய வரலைன்னு கண்டக்டர் சொன்னாரு. அப்பிடி இருக்காதீங்க சார்.”

இடித்துச் சொல்கிறாரோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி குடிக்கச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

“மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். டீக்கடையில நம்மளப் பாத்ததும் பேச்ச நிறுத்துவாங்க. நிறுத்திட்டுப் போறாங்க. நம்ம பாட்டுக்குப் போயி டீயக் குடிக்கணும். போகாம இருந்தாத்தான் பேச்சு வளரும். நான் போகாம இருந்துட்டேன் சார். அப்புறம் ஊர விட்டே போயிட்டேன். அது தப்பு.”

ரீட்டா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, “குடிங்க,” என்றாள். சூசை வாங்கிக் குடித்தார். பெட்டியைச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு, “அப்ப நான் வாரேன்,” என்று கிளம்பினார்.

“பஸ்ஸு எப்ப?” என்றார் என் கணவர்.

“இப்ப வந்துரும் சார்.”

“இருங்க. சட்டயப் போட்டுக்கிட்டு வாரேன்.”

எங்கள் வீட்டில் இருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு இரண்டு வழி. கண்மாய்க் கரை வழியாகப் போனால் ஆள் நடமாட்டம் இருக்காது. தெரு வழியாகப் போனால் தலைவர் வீடு, கோயில், பள்ளிக்கூடம், டீக்கடை எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். நான் ரீட்டாவைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் கண்மாய்ப் பக்கம் திரும்புவார் என்றுதான் நினைத்தேன். திரும்பினால் வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்ல நாலு வார்த்தைகளையும் தயாராக வைத்திருந்தேன்.

அவர் தெரு வழியாகப் போனார். சூசை ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் பின்தங்கினார். இவர் அவர் வந்து சேரும்வரை நின்று நின்று நடந்தார். தலைவர் வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஒரு பையன் சுவருக்குப் பின்னால் இருந்து புதுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். என் கணவரின் பிடரி சிவந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

டீக்கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். இரண்டு பேரும் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

“ரெண்டு டீ போடுங்க,” என்றார் என் கணவர். பெஞ்சில் இருந்தவர்கள் மெதுவாக நகர்ந்து இடம் விட்டார்கள். சூசை உட்கார்ந்தார்.